கொட்டியாரத் துறையில் ஒரு பகல்

மலைநாட்டிற் பிறந்தோர்க்குக் கடல் என்பது பெரும்பாலும் செவிவழிச் செய்தியே. பாடநூற் படத்திலும் திரைப்படத்திலும் அதனைக் கண்டிருப்போமேயன்றி, அதன் உப்பை நாவில் உணர்ந்தோர் எங்கள் ஊரில் மிகச் சிலர். எனக்கும் இருபத்திரண்டு வயது நிறையும்வரை கடல் அவ்வாறே இருந்தது. சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் என் குடும்பத்தார் நால்வரும் கொட்டியாரக்குடாவில் ஒரு வள்ளத்தில் ஏறி, ஆற்றுமுகம் ஒன்றில் நங்கூரமிட்டு, அரைப்பகற் பொழுதைக் கழித்துத் திரும்பினோம். நடந்தது அவ்வளவே. ஆயினும், எங்கள் வீட்டில் மிக நீண்ட காலம் பேசப்படாதிருந்த ஒன்று அந்த வள்ளத்திற் பேசப்பட்டது. அதனை எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றுமுதல் என்னை விட்டபாடில்லை.

என் ஊர் லக்கல. மாத்தளை நகரிலிருந்து இறத்தோட்டை வழியாக ஏறி, ரிவர்ஸ்டன் கணவாயின் காற்றைக் கடந்து, பிட்டவலைப் பத்தனையின் புல்வெளியைத் தாண்டி, இலுக்கும்புறையூடாக இறங்கினால் பல்லேகம வரும். மேற்கே சுவர்போல எழுந்து நிற்பது நக்கிள்ஸ் மலைத்தொடர். 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அது. உலகம் அதனைக் கண்டு வியப்பதற்கு வெகுகாலம் முன்னரே என் தாத்தா அங்கே ஏலக்காய்த் தோட்டத்துக் கூலியாக வந்து சேர்ந்திருந்தார். பெருமரங்களின் நிழலில் வளர்வது ஏலம். ஆகவே தேயிலைத் தோட்டத்தைப்போல வரிசை வரிசையான லயங்களும், கோயிலும், திருவிழாவும், பெருந்திரளான உறவினரும் எங்களுக்கு வாய்க்கவில்லை. சிங்களக் கிராமங்களின் ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று எங்களுடையது. 2000ஆம் ஆண்டில் அம்மலைக்காடு பாதுகாப்பு வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட பின்னர் ஏலமும் எங்களுக்கு இல்லையென்றாயிற்று.

கடலைப் பற்றித் தாத்தா பேசியதில்லை. அவருடைய அண்ணன் குடும்பம், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குரியோர் எனக் குறிக்கப்பட்டு, தலைமன்னாரிற் கப்பலேறிப் போயிற்று. அதற்குப் பின் இரண்டு கடிதங்கள் வந்தன என்றும், மூன்றாவது வரவில்லை என்றும் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது, பாட்டியின் தங்கை குடும்பம் திருகோணமலைப் பக்கம் இடம்பெயர்ந்தது. ‘கொஞ்ச நாளைக்குப் பத்திரமா இருக்கட்டும்’ என்று தம் மூத்த மகளையும் தாத்தா அவர்களோடு அனுப்பிவைத்தார். அப்போது அத்தைக்கு வயது பதின்மூன்று. என் அப்பாவுக்கு எட்டு. அந்தக் கொஞ்ச நாள் முடியவேயில்லை. அத்தை கடற்கரையிலேயே வளர்ந்து, மூதூருக்கு அண்மையில் ஒரு மீனவரை மணந்து, அவ்வூர்ப் பெண்ணாகவே ஆகிவிட்டார். இவ்வாறாக எங்கள் குடும்பத்திற் கடல் என்ற சொல்லுக்குப் பிரிவு என்பதே பொருளாயிற்று. ‘இந்த மலைய விட்டுப் போனா நாம யாருன்னு சொல்ல ஒரு எடமும் இருக்காது’ என்பது தாத்தாவின் ஓயாத வாசகம். என் சிறுவயதில் அதனைச் சுவரிற் தொங்கும் நாட்காட்டியைப்போலத் தினமும் கண்டும் கவனியாதிருந்தேன்.

அப்பா தையற்காரர். பல்லேகமக் கடைத்தெருவில், முன்புறம் பலகைக் கதவுகள் கொண்ட ஒரு சிறிய வாடகைக் கடையில், காலால் மிதிக்கும் பழைய இயந்திரத்தில் அவர் தைத்தார். அந்த வட்டாரத்துப் பாடசாலைப் பிள்ளைகளில் அவருடைய அளவுநாடா படாத தோள்கள் குறைவு. தையிற் பாடசாலை தொடங்கும் காலத்தில் கடையின் உட்புறம் முழுவதும் வெள்ளைத் துணியாக இருக்கும். 2018ஆம் ஆண்டில் களு கங்கை நீர்த்தேக்கத்தில் நீர் நிரப்பப்பட்டபோது அந்தக் கடைத்தெரு நீருக்குள் மறைந்தது. அதற்கு முன்னரே எல்லோரும் புதிய நகருக்குச் சென்றிருந்தோம். அங்கே அகன்ற தெருக்களும் புதிய கட்டடங்களும் இருந்தன. அப்பாவுக்கும் வாடகைக்கு ஓர் அறை கிடைத்தது. ஆனால் ஆயத்த ஆடைகள் மலிந்த காலமாதலால், பழைய தோள்கள் அவரைத் தேடி வரவில்லை.

நீர்த்தேக்கத்தை அப்பா ஒருநாளும் தூற்றியதில்லை. ‘வறண்ட ஊருக்குத் தண்ணி போகுது, நல்லதுதானே’ என்பார். ஆனாற் கடையைப் பற்றியும் அவர் பேசமாட்டார். நீர் ஏறிய நாட்களில் ஊரார் கூடி நின்று பார்த்தபோது, அவர் மட்டும் வரவில்லை. வீட்டிலே என் தம்பியின் பழைய காற்சட்டை ஒன்றைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். அது பிரித்துத் தைக்கவேண்டிய காற்சட்டையன்று.

இந்நிலையில் என் மனத்தில் ஒரு மறைவு இருந்தது. நான் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் இறுதியாண்டு மாணவி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் முதுமாணிப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்குமாறு என் விரிவுரையாளர் ஒருவர் கூறியிருந்தார். விண்ணப்பத்தை நிரப்பியும் வைத்திருந்தேன். வீட்டிற் சொல்லவில்லை. இரத்தினபுரியில் வேலை கிடைத்த என் ஒன்றுவிட்ட அண்ணனையே ‘ஏன் அவ்வளவு தூரம்’ என்று கேட்டவர் அப்பா. தாத்தாவின் வாசகம் அப்பாவின் வாய்க்கு மாறியிருந்தது. இவ்வேளையில் அத்தை தொலைபேசியில் அழைத்து, ‘கண் மங்கிக்கொண்டு வருது, ஒருக்கா எல்லாரும் வந்திட்டுப் போங்க’ என்றார். பயணத்தின்போது எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்துகொண்டேன்.

லக்கலையிலிருந்து நாவுலவுக்கு வந்து, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வடகிழக்கு நோக்கிப் பஸ் வண்டிகள் மாறிச் சென்றோம். வழியெல்லாம் அப்பா எங்களுக்கு நீரின் வழியைக் காட்டிக்கொண்டே வந்தார். ஐந்தாம் வகுப்புக்கு மேற் படிக்காதவர் அவர். ஆனால் அணை கட்டிய காலத்தில் அங்கு வேலை செய்தோர் பலருக்குச் சட்டை தைத்தவர். அவர்களிடம் கேட்டுக் கேட்டு அத்தனையும் மனப்பாடம் செய்திருந்தார். களு கங்கை அம்பன் கங்கையின் கிளையாறு. களு கங்கை நீர்த்தேக்கத்தின் நீரில் ஒரு பங்கு, கால்வாயும் சுரங்கமும் வழியாக, அம்பன் கங்கைக்குக் குறுக்கே கட்டப்பட்ட மொறகஹகந்த நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. எலஹெரவிலிருந்து பண்டைக் கால்வாய் வழியே மின்னேரியாவுக்கும் அப்பாலும் போகிறது. அங்கமெடில்லவில் இன்னொரு பங்கு பராக்கிரம சமுத்திரத்துக்குத் திரும்புகிறது. எஞ்சியது பொலன்னறுவைப் பகுதியில் மகாவலியோடு கலக்கிறது. கந்தளாய்க் குளத்தின் விரிந்த நீர்ப்பரப்பு வலப்புறம் தோன்றியபோது, அப்பா சன்னலோரம் சாய்ந்து, ‘இதுலயும் நம்ம தண்ணி இருக்கு’ என்றார். ஊர்க்காரர் ஒருவரை வெளியூர்த் தெருவிற் கண்டு அடையாளம் சொல்வது போலிருந்தது அந்தக் குரல்.

திருகோணமலையிலிருந்து மூதூருக்கு முன்னெல்லாம் கடல் வழியாகவோ, பல துறைகளிற் பாதை ஏறி இறங்கியோதான் செல்லவேண்டும். 2009இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும், பின்னர் ஏனைய பாலங்கள் அமைந்ததும், அந்நாட் துயரைப் போக்கின. மாலையில் அத்தை வீட்டை அடைந்தோம். 2004இற் கடல்கோளையும், 2006இற் போரையும் கண்டு, இரண்டு முறை புதிதாக எழுந்த வீடு அது. அத்தை வாசலில் நின்று அப்பாவின் முகத்தைக் கைகளாற் தடவிப் பார்த்தார். ‘தம்பி, தலை நரைச்சுப்போச்சே’ என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமற் சிரித்தார்.

அத்தையின் மூத்த மகன், இரு பிள்ளைகளின் தந்தையான என் அத்தான், மறுநாட் காலையில் எங்களைக் கடலுக்கு அழைத்துச் செல்வதாகச் சொன்னார். அவருடைய வள்ளம் இக்காலத்து நாரிழை வள்ளந்தான். பின்னால் இயந்திரமும் உண்டு. ஆனால் 2022இல் மண்ணெண்ணெய் கிடையாமற் கரையெல்லாம் வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்தபோது, காலஞ்சென்ற மாமாவின் பழைய பாயை அவர் தேடி எடுத்து, ஒரு மூங்கிலைப் பாய்மரமாக நட்டு, அதனைக் கொண்டே தொழிலுக்குப் போயிருக்கிறார். எரிபொருள் வந்த பின்னரும் காற்று வாய்ப்பான வேளைகளில் அதனை விரிப்பதுண்டாம். அன்றிரவு அந்தப் பாயைத் திண்ணையில் விரித்துக் காட்டினார். நடுவிலே ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

அப்பா அதனைக் கண்டதும் எழுந்து, ‘ஊசி இருக்கா?’ என்று கேட்டார். வலை பொத்தும் நூலும் சாக்குத் தைக்கும் ஊசியும் வந்தன. விளக்கைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு, கிழிசலின் இரு ஓரங்களையும் மடித்து, இரட்டைத் தையலாக அவர் தைக்கத் தொடங்கினார். அத்தை பக்கத்தில் அமர்ந்து, பார்க்க முடியாத கண்களால் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிய நகருக்கு வந்த பின்னர் அப்பா அவ்வளவு ஊன்றித் தைத்து நான் கண்டதில்லை. முடிந்ததும் பாயை இரு கைகளாலும் இழுத்துப் பார்த்து, வாடிக்கையாளரிடம் சட்டையைக் கொடுப்பதைப்போல மடித்து அத்தானிடம் கொடுத்தார்.

விடியுமுன் புறப்பட்டோம். ஓகஸ்டிற் கிழக்குக் கடல் பொதுவாக அமைதியானது. ஆனால் பொழுதேறியதும் மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பிவிடும்; ஆகையாற் காலையிலேயே போய்வர வேண்டும் என்றார் அத்தான். அம்மா ஒரு கையில் எலுமிச்சம்பழத்தையும் மறுகையில் என் தம்பியின் சட்டைக் காலரையும் இறுகப் பிடித்துக்கொண்டு, வள்ளத்தின் நடுப்பலகையில் அமர்ந்தார். அத்தையும் வந்தார், ‘எனக்குக் கடல் பார்க்கக் கண் வேண்டாம்’ என்றார். வடக்கே, குடாவின் மறுபக்கத்தில், கோணேசர் மலை நீலப் புகையாகத் தெரிந்தது. இயந்திரத்தின் ஓசை சிறிது தூரம்வரை எங்களைக் கொண்டுசென்றது. பின்னர் அத்தான் அதனை நிறுத்திப் பாயை விரித்தார். முதலில் அது துவண்டு தொங்கியது. பிறகு மெல்ல வயிறு கொண்டது. அப்பா கடலைப் பார்க்கவில்லை, தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல் தாங்கியது.

கொட்டியாரக்குடாவின் கீழே மிக ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு அண்மையிலேயே தொடங்குகிறது. அதனாலேயே திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. ஆனால் நாங்கள் சென்றது ஆழத்தை நோக்கியன்று. மகாவலியின் நீர் கடலிற் சேருமிடத்தை நோக்கி, கரையை ஒட்டியே சென்றோம். மத்திய மலைநாட்டிற் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் ஆறு, இறுதியில் வெருகலாறாக ஒரு கிளையைப் பிரித்துவிட்டு, எஞ்சிய நீருடன் இக்குடாவை அடைகிறது. கண்டற்காடு பச்சை வேலியாக நின்ற ஓரிடத்தில் அத்தான் பாயைச் சுருட்டி நங்கூரத்தை இறக்கினார். கயிறு சிறிதளவே ஓடியது. பிறகு ஓர் அமைதி. கரையிலே கொக்குகள், தொலைவில் வலை வீசும் ஒருவன், வள்ளத்தின் அடியிலே நீர் தட்டும் மெல்லிய ஓசை. மலைக்காட்டின் அமைதியில் எப்போதும் ஏதேனும் ஒரு பூச்சி இரைந்துகொண்டிருக்கும். இது வேறுவகை அமைதி.

அப்பா குனிந்து ஒரு கை நீரை அள்ளி வாயில் விட்டார். நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்தோம். ‘உப்புத்தான்’ என்றார். சற்றுப் பொறுத்து, ‘ஆனா முழு உப்பு இல்ல’ என்றார்.

அம்மா ஏலம் போட்ட தேநீரைக் குவளைகளில் ஊற்றினார். அப்போது தம்பி, ‘அக்கா, நீ படிச்ச வெள்ளைக்காரன் கதை இங்கதானே?’ என்று கேட்டான். ஆம், இங்கேதான். வரலாற்று மாணவியாகிய எனக்குக் கொட்டியாரம் என்றதும் நினைவுக்கு வருவது றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞனே. அந்தக் கதையை வள்ளத்திலிருந்தவாறே அவர்களுக்குச் சொன்னேன்.

1659ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் அகப்பட்டுப் பெரிய பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்னும் கப்பல், புதிய மரம் நாட்டுவதற்காக இக்குடாவுக்கு வந்தது. தலைவனின் பெயரும் றொபேட் நொக்ஸ். அவனோடு பயணம் செய்த மகனுக்கும் அதே பெயர். மாதக்கணக்கில் அவர்கள் இங்கே அச்சமின்றித் தங்கியிருந்தனர். கரையிலிருந்தோர் நட்பாகவே பழகினர். 1660 ஏப்ரலிற் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள், புளியமரத்தடியில் அமர்ந்திருந்த தந்தையைப் பிடித்தனர். மகனும் வேறு சிலரும் பிடிபட்டனர். மூதூரில் அந்நிகழ்ச்சிக்கு நினைவுக் கல்லொன்று இன்றும் உண்டு. மகனுக்கு அப்போது வயது பத்தொன்பது. அடுத்த ஆண்டே தந்தை காய்ச்சலாலும் மனத்துயராலும் இறந்தார். துணையற்ற அந்நிய ஊரில், தானும் நோயுற்றிருந்த நிலையில், மகன் பெரும்பாடுபட்டு அவரை அடக்கம் செய்தான். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக மலைநாட்டிலே, தொப்பி பின்னியும் சிறு வணிகம் செய்தும் வாழ்ந்தான். இறுதியில் அவன் குடியிருந்த எலதெத்த என்னும் ஊர், நாம் கல்வி பயிலும் பேராதனைக்கு வெகு தொலைவிலன்று. 1679இல் அங்கிருந்து தப்பி, காடுகளினூடாக அனுராதபுரம் சென்று, ஆற்றோரமாக நடந்து, மேற்குக் கரையில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தான். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவனுடைய நூல், அக்காலக் கண்டி இராச்சியத்தின் வாழ்க்கையை அறிவதற்கு இன்றும் நமக்கு இன்றியமையாத சான்று.

இவ்வளவும் சொன்ன பின்னர், என் மனத்தை எப்போதும் உறுத்தும் ஒரு பகுதியையும் சொன்னேன். பிடிபட்ட பின்னர் மகனுக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது. கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரச் செய்யும் பொருட்டுத் திசாவை அவனையே கப்பலுக்கு அனுப்பினான். தந்தையோ, கப்பலிலிருப்போர் விழிப்பாயிருக்கவேண்டும் என்ற செய்தியை இரகசியமாகச் சொல்லி அனுப்பினார். அத்தோடு, தம் ஆசியின்மேல் ஆணையாக, தம்மைத் தனியே விடாமல் மீண்டும் கரைக்கு வந்துவிடவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். மகன் கப்பலேறினான், செய்தியைச் சொன்னான், திரும்பிக் கரைக்கு வந்தான். கப்பல் பின்னர் அவர்களை விட்டுச் சென்றது. விரிவுரை மண்டபத்தில் இதனைக் கேட்டபோது, எங்களிற் சிலர் மகனைப் புகழ்ந்தோம். சிலர் தந்தையைக் குறை கூறினோம். மதிப்பெண்ணுக்குரிய விவாதமாக அது அன்று முடிந்தது.

வள்ளத்தில் யாரும் விவாதிக்கவில்லை. சற்று நேரங் கழித்து அத்தை, ‘தம்பி, நீயும் இதே துறையிலதான் திரும்பினனீ’ என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் குவளையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தைதான் சொன்னார். 1988ஆம் ஆண்டில், சண்டை சற்று ஓய்ந்திருந்த சில மாதங்களில், அப்பா தனியே அக்காவைத் தேடி வந்திருக்கிறார். அவருக்கும் அப்போது வயது பத்தொன்பதே. மாமா அவரைத் தம்மோடு தொழிலுக்கு அழைத்துப் போனார். இரண்டு மாதங்களில் அவர் பாய் கட்டவும் சுக்கான் பிடிக்கவும் பழகிவிட்டாராம். ‘இங்கேயே நில், பாதி வள்ளம் உனக்கு’ என்று மாமா சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கும் நிற்கவே விருப்பம். ஆனால் புறப்படும்போது தாத்தா, விளக்கின்மேற் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார். ஒரு மகள் போனது போதும். நீ திரும்பி வரவேண்டும் என்று. ஆகவே திரும்பினார். அத்தை கரையில் நின்று அழுதார். அதற்குப் பின் போர் மீண்டும் மூண்டது. உடன்பிறந்தார் மீண்டும் சந்திக்கப் பல ஆண்டுகள் ஆயின. நேற்றிரவு கிழிந்த பாயைக் கண்டதும் அவர் ஏன் அவ்வளவு விரைந்து எழுந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அந்தப் பாயை அவர் முன்பே அறிந்திருந்தார்.

‘அப்பாவ நான் குத்தம் சொல்லல’ என்றார் அப்பா. தாத்தாவைத்தான் குறிப்பிட்டார். ‘அவருக்குப் பயம். போனவுங்க யாரும் திரும்பல. அதனால புடிச்சு வச்சுக்கிட்டாரு.’ பிறகு, அத்தனை ஆண்டுகளாகப் பேசாதிருந்த கடையைப் பற்றிப் பேசினார். ‘கட தண்ணிக்குள்ள போனப்போ எனக்கு அழுக வரல. இதுக்காகவா திரும்பி வந்தோம்னு தோணுச்சு. அது தோணுனதுதான் அழுகையா இருந்துச்சு.’

நான் என் விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னேன். ஆயத்தம் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. நாட்டின் பெயரையும், எத்தனை ஆண்டுகள் என்பதையும், புலமைப்பரிசில் கிடைத்தாலன்றிப் போக இயலாது என்பதையும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அம்மா எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்பா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. நங்கூரக் கயிறு இறுகுவதும் தளர்வதுமாக இருந்தது. இறுதியில், ‘போ புள்ள’ என்றார். ‘திரும்பி வரணும்னு சத்தியமெல்லாம் கேக்கமாட்டேன். வரணும்னு தோணுனா வா.’

அம்மா உடனே, ‘கடுதாசி மட்டும் நிறுத்தாத’ என்றார். தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும் இக்காலத்தில், பாட்டி சொன்ன அந்த மூன்றாவது கடிதம் அம்மாவின் மனத்திலும் இருந்திருக்கிறது.

பாடசாலையில் நாம் எல்லோரும் ஒன்றைப் படித்திருக்கிறோம். மழைநீரில் ஒரு துளியும் மனிதருக்குப் பயன்படாமற் கடலைச் சேரலாகாது என்னும் கொள்கை, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் பெயரால் வழங்கிவருகிறது. வறண்ட நிலத்துக்கு நீர் கொடுத்த மாபெரும் கொள்கை அது. அதனாற் பசியாறியோர் பல்லாயிரவர். அதனை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அந்தப் பாடத்தின் விளைவாகக் கடலைச் சேரும் நீரெல்லாம் வீண்நீர் என்ற எண்ணம் நம்முள் ஊறிவிட்டது. நான் அத்தானிடம் அதனைக் கேட்டேன். அவர் கண்டல் வேர்களைக் காட்டினார். அவற்றினிடையே விரலளவு மீன்குஞ்சுகள் கூட்டமாக ஒதுங்கி நின்றன. ‘ஆத்துத் தண்ணி வந்தாத்தான் இங்க எறால். தண்ணி குறைஞ்ச வருசம் எங்கட உலையும் குறையும்’ என்றார். உப்பும் நன்னீரும் கலக்கும் இந்த இடைநீரிலேதான் இறாலும் பலவகை மீன்களும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. வளர்ந்த பின்னரே பெருங்கடலுக்குப் போகின்றன. லக்கலையிலிருந்து, எத்தனையோ கால்வாய்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டு, எஞ்சி வந்த நீர் இங்கே இன்னொருவர் வீட்டு உலையாகிறது. எங்கள் அத்தை வீட்டு உலையும் அவற்றுள் ஒன்று.

தாத்தா அஞ்சியது, மலையை விட்டுச் சென்றால் நாம் இல்லாமற் போய்விடுவோம் என்பதை. அவர் கண்டவை அவரை அவ்வாறு அஞ்சச் செய்தன. பெயர் எந்த நாட்டுப் பதிவேட்டில் ஏறும் என்றறியாது வாழ்ந்த ஒரு தலைமுறையின் அச்சம் அது. அதனைப் பழிக்க எனக்கு உரிமையில்லை. ஆயினும், தேங்கிய நீருக்குள் மூழ்கியதும் எங்கள் கடைதான்; ஓடிவந்த நீரால் உண்பதும் எங்கள் அத்தைதான். இரண்டையும் ஒருசேரக் கண்ட பிறகு, நின்றவரே நிலைத்தவர் என்றோ, சென்றவர் தொலைந்தவர் என்றோ என்னாற் சொல்ல இயலவில்லை. கப்பலிலிருந்து கரைக்குத் திரும்பிய நொக்ஸையும், கரையிலிருந்து மலைக்குத் திரும்பிய என் அப்பாவையும், வீட்டுக்குத் திரும்பாத என் அத்தையையும் ஒரே தராசில் நிறுக்க நான் முன்பு முயன்றேன். இப்போது அந்த முயற்சியைக் கைவிட்டுவிட்டேன்.

பத்து மணியளவிற் கச்சான் கிளம்பிற்று. கண்டல் இலைகள் ஒரு பக்கமாகத் திரும்பி வெளுத்தன. அத்தான் நங்கூரத்தைத் தூக்க எழுந்தபோது, அப்பா அவரை அமரச் சொல்லித் தாமே கயிற்றை இழுத்தார். பழகிய கை எதனையும் மறப்பதில்லை போலும். சேறு ஒட்டிய நங்கூரம் மேலே வந்தது. பாயை விரித்தார்கள். சுக்கானுக்கு அருகே சென்று அமர்ந்த அப்பாவை நாங்கள் யாரும் வியப்போடு பார்ப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அம்மா மட்டும் மெதுவாக, ‘சட்டையெல்லாம் நனையுது’ என்றார்.

ஊர் திரும்பிய மறுநாள் விண்ணப்பத்தை அனுப்பினேன். விடை இன்னும் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம். அப்பா அதைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனாற் புதிய நகரின் வாடகை அறையில், முன்பு பாடசாலை வெள்ளைத் துணி குவிந்துகிடந்ததைப்போல, இப்போது வேறொன்று குவிந்து கிடக்கிறது. அத்தானின் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கும் பழைய பாய்களும், வள்ளம் மூடும் தடித்த விரிப்புகளுமே அவை. சென்ற வாரம் அத்தான் தொலைபேசியிற் பேசினார். வாடைக்கு முந்திய காற்றில் இரண்டு முறை அகப்பட்டாராம். பாய் வேறிடத்திற் கிழிந்ததாம். அப்பா தைத்த இடம் மட்டும் பிரியவில்லையாம். இதனை அப்பாவிடம் சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, ‘இரட்டைத் தையல்ல’ என்றார்.